எண்ணெய் ஊறாத கிண்ணம்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் பெனாங்கில் எங்கள் பங்குக் கோயிலின் பின்பக்கக் கொட்டகையில் காலைப் பசியாறல் நடக்கும். இட்லி, பீஹூன் என்கிற அரிசிச் சேமியா, எண்ணெய் மிதக்கும் கோழிக் கறி. பூசைக்கு வராதவர்கள்கூடப் பசியாறலுக்கு வந்துவிடுவார்கள். நான் இரண்டுக்கும் வருகிறவன் என்பதால் என்னைக் கொஞ்சம் மேலான ஆத்துமாவாகக் கருதிக்கொண்டிருந்தேன். அந்தக் கொட்டகையில்தான் எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பதவி கிடைத்தது: சுற்றுச்சூழல் குழுத் தலைவர்.

பெரிய போட்டி எதுவும் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பங்குச் சாமியார், பங்குப் பேரவைச் செயலாளர், நான். சாமியார் தலைவராக முடியாது. செயலாளருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் பதவிகள். நானோ கறி பஃப் உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவன். கறி பஃப் வாயில் இருந்ததால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பதவி வந்தால் ஏதாவது செய்யவேண்டுமே. அதுவரை பசியாறலுக்கு வெள்ளை போலிஸ்டைரின் தட்டுகள்தான். ஒரு ஞாயிறு முடிந்தால் கொட்டகைப் பின்னால் மலையாகக் கிடக்கும். அதைத் தடை செய்தேன். பதிலுக்குக் கரும்புச் சக்கையில் செய்த காகிதக் கிண்ணம் வாங்கச் சொன்னேன். லேசான பழுப்பு நிறம், அடியில் சின்னதாக ஓர் இலை அச்சு. கையில் எடுத்தாலே ஏதோ நல்லது செய்துவிட்டது போல இருக்கும். கொதிக்கும் கறியை ஊற்றினாலும் வளையாது, ஒழுகாது, அடியில் ஈரக்கறை படாது. "எவ்வளவு சுத்தமான பொருள் பாருங்க" என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னேன். பூசையில் திருவசனம் வாசிக்கும்போதுகூட எனக்கு அவ்வளவு உருக்கம் வந்ததில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மக்கும் பொருளைக் குப்பை லோரியில் போட்டு அனுப்பினால் என்ன தலைவர் நான்? பசியாறல் முடிந்ததும் கிண்ணங்களையெல்லாம் மூட்டை கட்டிக் காடியின் பின் இருக்கையில் ஏற்றி ஜெலுத்தோங்கில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அது தரை வீடு. பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கே கிண்ணங்களைக் கிழித்துக் காய்கறித் தோலோடும் காய்ந்த இலையோடும் கலந்து குவித்து மக்கவைத்தேன். பெனாங்கு மழைக்கும் வெயிலுக்கும் மக்காதது எது? சில மாதங்களில் கறுப்பாக, மணமாக, பொலபொலவென்று மண் வந்தது. அதில் கொழுத்த மண்புழுக்கள் வந்தன. மண்புழுக்களைத் தின்ன நான் கோழிகள் வாங்கி விட்டேன்.

கோழிகளுக்கும் பதவி கொடுத்தேன். எல்லாரையும் கொத்துகிற சிவப்புக் கோழி தலைமை ஆசிரியை. எப்போதும் தனியாக முணுமுணுக்கும் கறுப்பி பீடப்பூக்கள் பொறுப்பாளர். நாள் முழுக்க அந்தக் குவியலைக் கிளறுவதுதான் அவற்றுக்கு வேலை. முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் குன்று போல நிற்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் பாய்க்குக் கொடுத்தேன். முட்டையைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சொற்பொழிவும் கொடுத்தேன். முட்டைக்காகப் பலர் சொற்பொழிவைச் சகித்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் என் மகள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவளுக்குப் பாயான் லெப்பாஸில் மருத்துவக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. மருமகன் கப்பலில் எஞ்சினியர், பாதி நாள் கடலில் இருப்பவர். இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள், நாங்களும் விட்டுவிட்டோம். மூன்றாவது முறை நான்கு மாதம் தாண்டியதும், எங்கள் மேற்பார்வையில் இருக்கட்டும் என்று என் மனைவி போய் அவளைப் பெட்டியோடு அழைத்துவந்துவிட்டாள்.

அந்த நாளிலிருந்து தினமும் காலையில் அவள் தட்டில் ஒரு முட்டை. எனக்குக் கோப்பிக் கடை மாதிரி அரைவேக்காடாக, சோயா கிச்சாப் விட்டு மிளகு தூவித்தான் பிடிக்கும். என் மனைவி அதை மகளுக்குத் தடை செய்தாள்.

"புள்ளத்தாச்சிக்குப் பச்ச முட்டையா குடுப்பீங்க? கல்லு மாதிரி வேகணும்."

"என் கோழி முட்டைல கிருமி ஏது? அது சுத்தமான மண்ணுல வளந்த கோழி லா."

"ஆமா, உங்க கோழி மட்டும் குளிச்சிட்டுப் பூசைக்கு வருது."

மகள் சிரித்துக்கொண்டே கல் மாதிரி வெந்த முட்டையைத் தின்பாள். அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறுவதைப் பார்த்து, அதற்கும் நானே காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. முதல் நாள் கொண்டுவந்த கிண்ணங்களைக் கிழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே குவியல் மேல் போட்டுவிட்டேன். இரவெல்லாம் மழை. விடிந்ததும் மகள் பின்பக்கம் காற்று வாங்கப் போனாள். நான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே மழைத் துளிகள் பாதரசம் போல உருண்டு ஓடின. ஒன்றுகூட ஒட்டவில்லை.

"அப்பா, இதுல என்ன பூசியிருக்காங்க?"

"ஒண்ணும் பூசல. கரும்புச் சக்க. கரும்ப கடிச்சுத் துப்புறமே, அதுதான்."

"சக்கைன்னா தண்ணிய உறிஞ்சணும்லப்பா."

கிண்ணத்தை உள்ளே எடுத்துப்போனாள். சாப்பாட்டு மேசையில் அதை வைத்தாள். பக்கத்தில் ஒரு பழைய நாளிதழ்த் துண்டு, கை துடைக்கும் காகிதம், முந்தின நாள் பாய் கடையிலிருந்து பிரியாணி கட்டிவந்த பழுப்புத் தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். நாளிதழில் எண்ணெய் உடனே பரவிக் கண்ணாடி மாதிரி ஆயிற்று. கை துடைக்கும் காகிதம் குடித்தே விட்டது. பழுப்புத் தாளில் எண்ணெய் நின்றது. அவள் ஓரத்தை நகத்தால் நெருடினாள். மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. "இதுக்குக் காரணம் தெரியுது" என்றாள்.

கிண்ணத்தில் அந்தச் சொட்டு முத்து மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அவள் நகத்தால் எல்லா இடத்திலும் சுரண்டினாள். உரிய ஒன்றும் இல்லை. மெழுகும் இல்லை. வெறும் சக்கை. நாங்கள் பசியாறி முடித்து, கோப்பி குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோதும் அந்த முத்து அப்படியே இருந்தது.

நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அவள் சிரிக்காதது நினைவிருக்கிறது.

"எங்க பேக்டரில ஒரு வழவழப்புத் திரவத்தை நிறுத்திட்டாங்கப்பா. ஃபுளோரின் சேர்ந்த ரசாயனம். எண்ணெயும் ஒட்டாது, தண்ணியும் ஒட்டாது. அதே குடும்பத்த காகிதக் கூழ்லயே கலப்பாங்கன்னு அப்ப சொன்னாங்க. பீஸா பெட்டி, பேஸ்ட்ரி தாளு, பர்கர் சுத்துற தாளு, இந்த மாதிரி கிண்ணம். பூச்சு இல்ல, உள்ளேயே இருக்கும். சூடான எண்ணெய்க் கறி பட்டா கொஞ்சம் சாப்பாட்டுல எறங்கும்."

"இதுதான் அதுன்னு எப்படிச் சொல்ற?"

"சொல்லல. எண்ணெய் சொட்டு நிரூபணம் இல்ல. சந்தேகம்தான்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அது மக்காதுப்பா. அந்த ஃபுளோரின் பிணைப்பு அறுபடவே அறுபடாது. கிண்ணம் மக்கிடும், அது மக்காம மண்ணுல நின்னுடும். மண்ணுலேருந்து புழுவுக்கு. புழுவுலேருந்து கோழிக்கு. கோழிலேருந்து முட்டைக்கு."

அங்கே நிறுத்திக்கொண்டாள். மேசை விளிம்பில் அவள் வயிறு மெல்ல ஒரு பக்கம் புடைத்து அடங்கியது. என் மனைவி எழுந்து, அடுப்பில் வெந்துகொண்டிருந்த அன்றைய முட்டையைத் தண்ணீரோடு வாளியில் கொட்டினாள்.

அன்றே கிண்ணம் விற்றவரைக் கைப்பேசியில் பிடித்து, மகளும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். இளைஞர், மரியாதையான குரல்.

"அங்கிள், அது நூறு பெர்சென்ட் நேச்சுரல். பிளாஸ்டிக் ஃப்ரீ. பெட்டிலயே போட்டிருக்கு, பாருங்க."

"பிளாஸ்டிக் இல்ல, சரி தம்பி. எண்ணெய எது தடுக்குது?"

"அது... டெக்னாலஜி அங்கிள்."

ஃபுளோரின் கலந்திருக்கிறதா என்று கேட்டேன். பல் பசையிலேயே ஃபுளோரைட் இருக்கிறதே, அது பல்லுக்கு நல்லதுதானே என்றார். இது வேறு சங்கதி என்று மகள் பக்கத்திலிருந்து தலையாட்டினாள். தொழிற்சாலையில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பெட்டியை எடுத்து நாலு பக்கமும் படித்தேன். என்னவெல்லாம் அதில் இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். என்ன இருக்கிறது என்று எங்கேயும் இல்லை.

மாலையில் பாய் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதுமே கையை விரித்தார்.

"வாங்க அண்ணே, முட்ட எங்க? ரெண்டு நாளா சொற்பொழிவு இல்லாம தூக்கமே வரல."

நான் சொல்லி முடித்தேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த பழுப்புத் தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி, ஓரத்தை உரித்துக் காட்டினார்.

"என் பேப்பர்ல பிளாஸ்டிக் இருக்கு. இல்லங்கல. ஆனா பாருங்க, உரிச்சா வருது. நான் திருடன்னா, மூஞ்சிய காட்டுற திருடன். உங்காளு மூஞ்சியே இல்லாதவன்." சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே. நீங்க குடுத்த முட்டைய பூரா நான் என் பேரனுக்குத்தானே அனுப்பிக்கிட்டு இருந்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தாள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆட்கள் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வாங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

முட்டையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று மகள் சில இடங்களில் விசாரித்தாள். கம்பெனிகளின் கழிவுநீரைச் சோதிப்பவர்கள் இருந்தார்கள். ஒரு வீட்டு முட்டையைச் சோதிக்க யாரும் இல்லை. கிளினிக் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. இந்த ரசாயனங்களில் சில உடம்பில் வருடக்கணக்கில் தங்கும் என்றார். கொழுப்பை ஏற்றுவது, தைராய்டைக் குழப்புவது, சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவற்றோடு தொடர்பு பேசப்படுகிறது. தொப்புள் கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் எடை குறையலாம், தடுப்பூசி சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்றும் பேசப்படுகிறது. ஆனால் இவ்வளவு முட்டைக்கு இவ்வளவு பாதிப்பு என்று தன்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. முட்டையை நிறுத்துங்கள், அந்தக் கிண்ணத்தை நிறுத்துங்கள், பயப்படாதீர்கள் என்றார். முதல் இரண்டும் சுலபமாக இருந்தன.

அடுத்த ஞாயிறு நான் கொட்டகையில் எழுந்து நின்றேன். நல்ல கூட்டம். எதிர் மேசையில் முதல் நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த கறியை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமினேன். உடனே நாலு பேர் சிரித்தார்கள். நான் எழுந்தாலே சிரிப்பு வரும். வருடக்கணக்காக நானே பாடுபட்டுப் பழக்கிவைத்தது அது.

"இந்தக் கிண்ணத்துல சாப்பிடாதீங்க. இதுல மக்காத ரசாயனம் இருக்கலாம்னு சந்தேகம்" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. "போன மாசம் இத மோட்சத்துக்குப் போற வழின்னீங்களே அங்கிள்!" என்று யாரோ கத்தினார்கள். "அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் கட்சி?" என்றார் இன்னொருவர்.

"நான் வெளையாடல. என் மக மாசமா இருக்கா. நான் வெளையாடல."

சிலர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அடுத்து வரப்போகும் வேடிக்கைக்காக ஆவலோடு காத்திருந்தார்கள். குரலை உயர்த்தினேன், என் முகம் கோணியது, அதற்கும் சிரிப்பு. பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாயிலிருந்து என்ன வந்தாலும் அங்கே அது வேடிக்கையாகத்தான் போய் விழுந்தது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை. தெருவில் தீப்பிடித்தது என்று நான் கத்தினால்கூடக் கை தட்டுவார்களோ என்று தோன்றியது.

மகள்தான் எழுந்து வந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, செயலாளரின் முன்னால் ஒரு புதுக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிப்புறத்தில் கறியின் எண்ணெயைக் கரண்டியால் ஒரு சொட்டு விட்டாள். அது உருண்டு நின்றது. பேச்சு அடங்கியது. வீட்டில் எங்களிடம் சொன்னதை அவர்களுக்கும் சொன்னாள். நிரூபணம் இல்லை, சந்தேகம்தான் என்பதையும் விடாமல் சொன்னாள். அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் கேட்டார்கள்.

செயலாளர் நியாயமான மனிதர். ஆலோசித்து முடிவு சொன்னார்.

"சரிம்மா, மாத்திடலாம். கட்டாயம் மாத்திடலாம். ஸ்டோர்ல இருக்கற பெட்டிங்கள மட்டும் முடிச்சிட்டு மாத்திடலாம் லா. வீணாக்கக்கூடாது பாரு."

வீணாக்கக்கூடாது என்பது என்னுடைய வாசகம். கொட்டகைச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு என் மனைவி ஞாயிறுதோறும் வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டுகளைக் கூடையில் எடுத்துவந்தாள். எங்களுக்கும், கேட்டவர்களுக்கும். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ரொம்பச் சுத்தக்காரி ஆகிவிட்டாள் என்று காதுபடவே பேசினார்கள். "தட்டு கழுவுனா யாருக்கும் கை தேயாது" என்று அவளும் காதுபடவே சொன்னாள்.

குவியலை என்ன செய்வது என்று தெரியவில்லை. எரித்தால் புகையில் போகும் என்றாள் மகள். புதைத்தால் மண்ணிலேயே இருக்கும். கடைசியில் மூட்டை மூட்டையாகக் கட்டிக் குப்பை லோரிக்குக் கொடுத்தேன். தீவின் குப்பை கடல் பாலம் தாண்டி நிபோங் திபால் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கேயும் மழை பெய்யும். அங்கேயும் கோழிகள் கிளறும். லோரிக்காரர்கள் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "மண்ணு நல்லா இருக்கே அண்ணே, எதுக்குப் போடுறீங்க?" என்று கேட்டார்கள். வேண்டாம், யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள் என்று மன்றாடினேன். கோழிகளைக் கேட்டு வந்தவர்களுக்கும் கொடுக்கவில்லை. பென்ஷன் வாங்கியவை போலக் கூண்டுக்குள் கடைத் தீனி தின்றுகொண்டு முட்டையிட்டன. அந்த முட்டைகளைப் பொறுக்கி எடுக்கும்போது கை கூசியது. முன்னைப் போலவே அழகாக இருந்தன.

பிள்ளை ஒன்பது மாதம் நிறைந்தே பிறந்தான். எடை கொஞ்சம் குறைவு. பயப்படும் அளவுக்கு இல்லை, எத்தனையோ பிள்ளைகள் இப்படிப் பிறப்பதுண்டு என்றார் டாக்டர். வேறு எந்த வீட்டிலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நாங்கள் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு இரவு பகலாக யோசித்தோம். தாய்ப்பால் வழியாகவும் கொஞ்சம் போகும் என்று மகள் அறிந்திருந்தாள். கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். கொடுங்கள், பாலால் வரும் நன்மை பெரியது என்றார். கொடுத்தாள். கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கும் விதத்தை என்னால் நின்று பார்க்க முடிந்ததில்லை. ஏதாவது வேலை இருப்பதுபோல வெளியே போய்விடுவேன்.

இரண்டாம் மாத ஊசிக்கு நான்தான் காடி ஓட்டிக்கொண்டு போனேன். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி அவன் தொடையில் ஊசி போட்டதும் கிளினிக் அதிரக் கத்தினான்.

"யப்பா, என்னா தொண்ட! நல்ல உடம்பு, அதான் இப்படிக் கத்துறான்" என்றார் மிஸ்ஸி.

மகள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "சிஸ்டர், இந்த ஊசி அவன் உடம்புல புடிச்சிருச்சான்னு பாக்க முடியுமா?"

"புடிக்காம எங்க போகும்?"

"இல்ல, சோதிச்சுப் பாக்க..."

"அதெல்லாம் யாரும் பாக்கமாட்டாங்க லா. எல்லாப் புள்ளைக்கும் போடுறதுதானே. அடுத்த தடவ மறக்காம வாங்க."

என் பக்கம் திரும்பி, "தாத்தா முகம்தான் புள்ளைய விட பயந்து போயிருக்கு" என்று சிரித்தார் மிஸ்ஸி. அதற்கு ஒரு பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பதில். சொல்லவில்லை.

காடிக்கு வந்தும் அவன் அழுகை நிற்கவில்லை. மகள் பின் இருக்கையில் ஏறித் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவனை மார்பில் சேர்க்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடினான். பிறகு சேர்த்தாள். அழுகை அறுந்து, குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"போலாமாம்மா?"

"இருங்கப்பா. குடிக்கட்டும்."

எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தேன். பசி தீர்ந்து அவனாகவே விடும் வரை குடித்தான்.